‘எங்க வீட்டு உடல்வாகு அப்படி!’ - அக்காவுக்கு ஒரு கணக்கு, தம்பிக்கு ஒரு கணக்கு போடும் மரபணு

விடிந்தும் விடியாத நேரம். பழவேற்காடு ஏரிக்கரைக்குப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. வலையில் சிக்கிய இறாலையும் நண்டையும் மடவையையும் பிரித்துப் போடுகிறார் தம்பி. அதை ஐஸ் போட்டுக் கூடையில் அடுக்கி, பொன்னேரி போகும் ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிறார் அக்கா. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே ரேஷன் அரிசிச் சோறு, ஒரே மீன் குழம்பு. ஆனால், தம்பி பார்க்க ஒல்லி. அக்காவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஜாக்கெட் அளவு மாறுகிறது.

“தண்ணி குடிச்சாக்கூட எனக்கு உடம்பு ஏறுதுப்பா” என்கிறார் அக்கா. “வாயக் கட்டுக்கா” என்கிறார் தம்பி.

இது ஏதோ ஒரு வீட்டின் கதையல்ல. ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் கேட்கலாம், ஓஎம்ஆர் அபார்ட்மென்ட்டிலும் கேட்கலாம். எடை கூடினால் பழி சாப்பாட்டின் மேல் விழும். இல்லையென்றால், “எங்க அம்மா வழி உடல்வாகு அப்படி” என்று பேச்சு முடிந்துவிடும்.

இதில் எது உண்மை? இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கடந்த 20 ஆண்டுகளில் மரபணு ஆய்வுகள் இன்னொரு விஷயத்தையும் கண்டுபிடித்திருக்கின்றன: ஒரே மரபணு மாறுபாடு ஆண் உடம்பில் ஒரு மாதிரியும், பெண் உடம்பில் வேறு மாதிரியும் வேலை செய்யக்கூடும்.

உடல்வாகு உண்மையிலேயே பரம்பரையா?

ஆமாம், பெருமளவுக்கு. ஒன்றாக வளர்ந்த இரட்டையர்கள், பிரிந்து வளர்ந்த இரட்டையர்கள், தத்துப் பிள்ளைகள் எனப் பல்வேறு குடும்பங்களை ஒப்பிட்ட ஆய்வுகளின்படி, ஒரு சமூகத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் எடை வித்தியாசத்தில் சுமார் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணுவோடு தொடர்புடையது.

ஆனால், ‘குண்டு மரபணு’ என்று ஒன்றே ஒன்று கிடையாது. பொதுமக்களிடம் பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளில் முதலில் பிடிபட்டது ‘எஃப்டிஓ’. 2007-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. எஃப்டிஓ-வின் எடை கூட்டும் வடிவம் இரண்டு பிரதியிலும் இருப்பவர்கள், ஒன்றிலும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள். வெறும் 3 கிலோதான்.

அதன் பிறகு தேடல் விரிந்தது. 2018-ல் சுமார் 7 லட்சம் பேரின் தகவல்களை வைத்து நடந்த ஆய்வில், உடல் எடைக் குறியீடான பிஎம்ஐ-யோடு தொடர்புடைய 941 மரபணு மாறுபாடுகள் அடையாளம் காணப்பட்டன. அத்தனையும் சேர்ந்து விளக்கியது எடை வித்தியாசத்தில் சுமார் 6 சதவீதத்தைத்தான். ஆக, உடல்வாகு என்பது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உந்துதல்களின் கூட்டுத்தொகை.

அக்கா, தம்பி விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் என்றாலும் அவர்களுக்குப் பொதுவாக இருப்பது சராசரியாகப் பாதி மரபணு மாறுபாடுகள்தான். ஒரே அப்பா, அம்மா என்பதால் ஒரே சீட்டு இருவருக்கும் விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

சென்னையும் வேலூரும் சொல்வது என்ன?

“இதெல்லாம் வெள்ளைக்காரர்களிடம் எடுத்த ஆய்வு, நமக்குப் பொருந்துமா?” என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பழவேற்காட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே, சென்னையிலேயே பதில் இருக்கிறது.

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001-ல் தொடங்கிய ‘க்யூர்ஸ்’ ஆய்வில் சென்னைவாசிகள் சுமார் 26 ஆயிரம் பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினரின் மரபணுவை ஆராய்ந்தபோது, எஃப்டிஓ மாறுபாடுகளுக்கும் உடல் பருமன், இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பது 2011-ல் தெரியவந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1969-க்கும் 1973-க்கும் இடையே வேலூரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. அவர்களிடமும் எஃப்டிஓ-வின் கைவரிசை தெரிந்தது.

இன்னொரு முக்கியமான மரபணு ‘எம்சி4ஆர்’. மூளையில் பசிக்கு பிரேக் போடும் வேலை இதனுடையது. இதன் அருகே உள்ள ஒரு மாறுபாடு இடுப்புச் சுற்றளவைக் கூட்டுவதாகவும், லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் அது ஐரோப்பியர்களைவிட அதிகமாகக் காணப்படுவதாகவும் 2008-ல் ஒரு ஆய்வு கூறியது.

அக்காவுக்கும் தம்பிக்கும் எங்கே பிரிகிறது?

உடம்பில் இரண்டு வேறு வேறு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஒன்று, எவ்வளவு கொழுப்பு சேர்ப்பது. மற்றொன்று, அதை எங்கே வைப்பது.

ஏரியிலிருந்து வரும் மீனை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். இன்றைக்கு எவ்வளவு மீன் கரைக்கு வருகிறது என்பது ஒரு கேள்வி. வந்த மீனை ஐஸ் பெட்டியில் வைக்கிறோமா, வெயிலில் போடுகிறோமா என்பது வேறு கேள்வி. கெட்டுப்போவதும் போகாததும் இரண்டாவதைப் பொறுத்தது.

முதல் முடிவில் பங்குபெறும் மரபணுக்களில் பெரும்பாலானவை மூளையில் வேலை செய்கின்றன. பசி எப்போது எடுக்கும், எப்போது போதும் என்று தோன்றும் என்பவற்றில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இந்த விஷயத்தில் ஆண், பெண் வித்தியாசம் அவ்வளவாக இல்லை.

இரண்டாவது முடிவுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே வேலை செய்கின்றன. இங்கேதான் கணக்கு மாறுகிறது. 2015-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, 2 லட்சத்து 24 ஆயிரம் பேரின் இடுப்பு, பின்புறச் சுற்றளவு விகிதத்தை ஆராய்ந்தது. அதோடு தொடர்புடைய 49 மரபணு இடங்களில் 20 இடங்கள் ஆண், பெண் இருவரிடமும் வித்தியாசமாக வேலை செய்தன. அந்த 20-ல் 19 இடங்களின் தாக்கம் பெண்களிடம்தான் வலுவாக இருந்தது.

பெண் உடம்பு பொதுவாகத் தொடையிலும் பின்புறத்திலும் கொழுப்பைச் சேமிக்கும். இது ஐஸ் பெட்டி மாதிரி, ஓரளவு பாதுகாப்பான இடம். ஆண் உடம்பு வயிற்றுக்குள், குடல், கல்லீரலைச் சுற்றிச் சேர்க்கும். இதுதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் இடம். சில மரபணு மாறுபாடுகள் பெண்ணின் ஐஸ் பெட்டியைச் சின்னதாக்கிவிடுகின்றன. அப்போது கொழுப்பு வயிற்றுப் பக்கம் திரும்புகிறது.

அம்மாவிடமிருந்து வந்தால் மட்டும் வேலை செய்யும் மரபணு

இதற்கு நல்ல உதாரணம் ‘கேஎல்எஃப்14’. பெரும்பாலான மரபணுக்களில் அம்மா தந்த பிரதி, அப்பா தந்த பிரதி இரண்டும் வேலை செய்யும். இதில் அப்பா தந்தது ஊமையாக இருக்கும். அம்மா தந்தது மட்டுமே பேசும்.

2018-ல் வெளியான ஆய்வின்படி, இதன் அருகே உள்ள ஒரு மாறுபாட்டை அம்மாவிடமிருந்து பெற்ற பெண்களுக்குக் கொழுப்புச் செல்கள் பெரிதாகின்றன. பின்புறத்தில் சேர வேண்டிய கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்கிறது, நீரிழிவு அபாயமும் கூடுகிறது. ஆண்களிடம் இந்த விளைவு இப்படித் தெரியவில்லை.

“அம்மா வழி உடல்வாகு” என்று பாட்டி சொன்னது, குறைந்தது இந்த ஒரு மரபணு விஷயத்தில் அப்படியே சரி!

ஒட்டுமொத்த எடையிலும் ஆண், பெண் பிரிவு இருப்பது 2023-ல் தெரிந்தது. பிரிட்டனின் ‘பயோபேங்க்’ தரவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் அலசினார்கள். ‘டிஐடிஓ1’ என்ற மரபணு பழுதான பெண்களின் பிஎம்ஐ மற்றவர்களைவிடச் சராசரியாக 8 புள்ளிகள் கூடுதலாக இருந்தது. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது சுமார் 19 கிலோ. ‘எஸ்எல்டிஎம்’ என்ற இன்னொரு மரபணுவின் தாக்கமோ ஆண்களிடம் மட்டும் தெரிந்தது. இவை மிக அரிதானவை. பெரும்பாலானவர்களின் எடைக்கு இவை காரணமல்ல. ஆனால், எடையைக் கட்டுப்படுத்தும் உயிரியல் வழிகள் இருபாலருக்கும் முழுக்க ஒன்றல்ல என்பதற்கு இவை ஆதாரம்.

ஹார்மோனா, குரோமோசோமா?

இரண்டும்தான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் கொழுப்பைத் தொடை, பின்புறம் பக்கம் அனுப்பும் முக்கியச் சக்தி. மாதவிடாய் நிற்கும் வயதில் அது குறையும்போது கொழுப்பு வயிற்றுக்கு இடம்பெயர்கிறது. 45, 50 வயதில் “திடீர்னு வயிறு போட்டுடுச்சு” என்று பெண்கள் சொல்வதற்கு இது முக்கியக் காரணம்.

“குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணதுல இருந்துதான் உடம்பு போட்டுச்சு” என்ற பேச்சும் ஊரெல்லாம் உண்டு. அந்த அறுவை சிகிச்சையில் அடைக்கப்படுவது கருக்குழாய் மட்டுமே. சினைப்பை வழக்கம்போல ஹார்மோனைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். பிரசவங்களில் ஏறிய எடை இறங்காமல் தங்கிவிடுவதும், வயது கூடுவதும் அதே காலத்தில் நடப்பதால் பழி ஆபரேஷன் மேல் விழுகிறது.

ஹார்மோனைத் தாண்டி, குரோமோசோமுக்கும் பங்கு இருக்கிறது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ், ஆண்களுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். 2012-ல் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள், இனப்பெருக்கச் சுரப்பிகளை அகற்றிய எலிகளைக் கவனித்தார்கள். ஹார்மோன் வித்தியாசம் இல்லாத நிலையிலும், இரண்டு எக்ஸ் உள்ள எலிகள் ஓர் எக்ஸ் உள்ளவற்றைவிட அதிகக் கொழுப்பைச் சேர்த்தன.

அப்போ தம்பி தப்பித்தாரா?

இல்லை. ஒல்லியாகத் தெரிவது ஒரு கேடயமல்ல. இதற்கு மருத்துவ உலகில் பிரபலமான ஒரு படம் உண்டு. 2004-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. புனே மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ அச்சு அசலாக 22.3. ஆனால், உடலில் உள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

கை, கால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. தெற்காசியர்களிடம் பரவலாகக் காணப்படும் உடல்வாகு இது. அதனால்தான் இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். லேசாகத் தொப்பை எட்டிப் பார்க்கும் ஒல்லி தம்பி, “எனக்கென்ன, நான் ஃபிட்டு” என்று பரிசோதனையே செய்துகொள்ளாமல் இருப்பது, அக்காவைக் கேலி செய்வதைவிடப் பெரிய தவறு.

பாட்டிக்கும் அதே மரபணுதானே?

மிகச் சரியான கேள்வி. மரபணு இரண்டு தலைமுறையில் மாறிவிடாது. மாறியது வாழ்க்கை.

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆய்வில், 1942-க்கு முன் பிறந்தவர்களிடம் எஃப்டிஓ மாறுபாட்டுக்கும் எடைக்கும் தொடர்பே தெரியவில்லை. அதன் பிறகு பிறந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. மரபணு அதேதான். அது தலைகாட்டுவதற்கான சூழல் பின்னால்தான் வந்தது.

பழவேற்காட்டுக்கு வருவோம். ஒரு காலத்தில் துடுப்பு போட்டும் பாய் விரித்தும் போன இடத்துக்கு இப்போது எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகு போகிறது. ஆனாலும் வலை இழுப்பதும் படகைத் தள்ளுவதும் இன்னும் தம்பியின் உடம்பு வேலைதான். அக்கா பக்கம் மாற்றம் பெரிது. தலையில் கூடையோடு ஊர் ஊராக நடந்த பாட்டியின் வேலையை இப்போது ஷேர் ஆட்டோ செய்கிறது. அது நல்ல விஷயம்தான். கழுத்து எலும்பு தேயும் அந்த நடையை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆனால், நடை போன இடத்தில் சந்தையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் வேலை வந்துவிட்டது. தட்டில் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

அதே ஏரியில் இருளர் பெண்கள் இன்றும் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஒரே ஏரியை நம்பிப் பிழைக்கும் பெண்களுக்குள்ளேயே உடம்பு செலவழிக்கும் சக்தி இவ்வளவு வேறுபடுகிறது.

இங்கே மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நமக்கு விழும் இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால், எவ்வளவு மீன் கிடைக்கும் என்பதைத் தண்ணீரும் வலையும் உழைப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மரபணுவும் ஏறக்குறைய அப்படித்தான்.

இதற்கும் கணக்கு இருக்கிறது. 2 லட்சத்து 18 ஆயிரம் பேரின் தகவல்களைத் தொகுத்த 2011-ம் ஆண்டு ஆய்வின்படி, உடல் உழைப்பு உள்ளவர்களிடம் எஃப்டிஓ தரும் பருமன் அபாயம் 27 சதவீதம் குறைவு. சென்னை ‘க்யூர்ஸ்’ தரவை வைத்து 2016-ல் வெளியான ஆய்விலும், இந்த மாறுபாடு உள்ளவர்களில் உடல் உழைப்பு இல்லாதவர்களுக்குத்தான் பருமன் அபாயம் கூடுதலாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டு நிலவரம்

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, பிஎம்ஐ 25-க்கு மேல் உள்ள தமிழ்நாட்டுப் பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதம். 2019-21-ல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37 சதவீதத்துக்கு உயர்ந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் யாருடைய மரபணுவும் மாறியிருக்காது.

நாடு முழுவதும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வில், பிஎம்ஐ அளவுகோலில் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். இடுப்புச் சுற்றளவை அளந்தபோது 39.5 சதவீதம். எடை மெஷின் பிடிக்காத ஒரு பெருங்கூட்டத்தை இன்ச் டேப் பிடித்துவிடுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, இறுக்காமல் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை மணி. எடை ‘நார்மல்’ என்றாலும் இது பொருந்தும்.

• குடும்பக் கதையைக் கேளுங்கள். அம்மா, பாட்டி, சித்தி, மாமாவில் யாருக்கு எந்த வயதில் சுகர், பிபி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். எடை கூடுவதற்குக் காரணம் தேடி, ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் கொடுத்து மரபணு டெஸ்ட் எடுப்பதைவிடப் பெரும்பாலானவர்களுக்கு இதுவே உபயோகம். சிறு வயதிலேயே அடங்காத பசியும் மிகை எடையும் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவர் ஆலோசனையோடு மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம்.

• சுகர், பிபி பாருங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்.

• சோற்றைக் குறையுங்கள், மீனை அல்ல. குழம்பு மீன் இருக்கட்டும். இரண்டாம் முறை போடும் சோற்றுக்குப் பதில் காய்கறி, சுண்டல், பயறு சேரட்டும்.

• நடையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பாட்டி அளவுக்கு வேண்டாம். தினம் அரை மணி நேர வேக நடையே போதுமான தொடக்கம். எடை குறையாவிட்டாலும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறைய இது உதவும்.

பழி வேண்டாம், விதியும் வேண்டாம்

உடல் எடையை ஒருவரின் ஒழுக்கமாகப் பார்ப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கேலிக்குப் பயந்து ஆஸ்பத்திரி பக்கமே போகாத பெண்களுக்கு, சுகர் இருப்பதே தாமதமாகத்தான் தெரியவரும். “எங்க வீட்டு உடல்வாகு, ஒண்ணும் பண்ண முடியாது” என்று விட்டுவிடுவதிலும் அதே ஆபத்துதான்.

பழவேற்காட்டு அக்கா சொன்னது பாதி சரி. தண்ணீர் குடித்து யாருக்கும் உடம்பு ஏறாது. ஆனால், தம்பி சாப்பிடும் அதே சோறு அவர் உடம்பில் வேறு இடத்தில் போய்ச் சேரலாம். அது அவர் தவறல்ல.

அடுத்த முறை வீட்டில் இந்தப் பேச்சு வந்தால், “வாயக் கட்டுக்கா” என்பதற்குப் பதில் தம்பி கேட்க வேண்டியது இதுதான்: “அக்கா, கடைசியா எப்போ சுகர் பாத்த? வா, நானும் பாக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம்.”